பராகுவே காலியாக இருந்தது

பூந்தமல்லியில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் உலகம் பங்கிடப்பட்டுவருகிறது என்பதை அயனம்பாக்கத்துத் தாட்சாயிணி அன்று காலைவரை அறிந்திருக்கவில்லை. அவளும் அவள் கணவன் கஜபதியும் அங்கே படியேறியது ஒரு நடனப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்காக மட்டுமே.

‘அகில பாரத இலத்தீன் நடனப் பேரவை’ என்றது பெயர்ப்பலகை. அதன் கீழே ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருந்தது. யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்ற வரியைப் பேரவைத் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்துப் பதாகை மறைத்திருந்தது. கீழே மில் ஓடிய வேகத்தில் மாடி ஓயாமல் நடுங்கியது. அந்த அலுவலகத்தில் நடனத்தோடு உறவு சொல்லத்தக்க அசைவு அது ஒன்றுதான்.

உலக வரைபடம் ஒன்றின் முன்னால் செயலாளர் கோவிந்தராஜ் அமர்ந்திருந்தார். வரைபடத்தின் கண்டங்களெங்கும் சிறு சிறு காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன.

“எந்த நாடு?” என்றார்.

“அயனம்பாக்கம் சார்,” என்றான் கஜபதி.

“ஊரைக் கேக்கலைப்பா. நாடு, நாடு.”

“இந்தியாதான் சார்.”

கோவிந்தராஜ் உதட்டைப் பிதுக்கினார். “இந்தியா நிரம்பிருச்சே.”

தாட்சாயிணி முன்னால் வந்தாள். “இன்னா சார் சொல்றீங்க? இம்மாம் கோடி ஜனம் கீது, எல்லாம் உள்ள குந்திகினு கீதுங்க. எங்க ரெண்டு பேத்துக்கு எடமில்லியா?”

“ஒரு நாட்டுக்கு ஒரு ஜோடிதாம்மா. இந்தியாவுக்குத் தலைவரோட பையன் பரத்தும் சிம்ரன்னு ஒரு பொண்ணும் நிக்கிறாங்க.” அவர் வரைபடத்தை அன்போடு தடவினார். “உங்களுக்கு விவரம் தெரியணும். ஒரு டஜன் நாடு சேர்ந்தாத்தான் அது சர்வதேசப் போட்டி. சர்வதேசப் போட்டி நடத்தினாத்தான் உலக இறுதிப் போட்டிக்கு நம்ம நாட்டுல இருந்து ஒரு ஜோடிய அனுப்ப விடுவாங்க. வெளிநாட்டுக்காரங்களக் கூப்பிட்டோம், ஒருத்தரும் பதில் போடலை. அதுக்காக நின்னுட முடியுமா? வெளிநாட்டுக்காரங்களையும் உள்நாட்டுலயே தயார் பண்ண ஆரம்பிச்சுட்டோம். நீங்கல்லாம் வெளிநாடா நின்னாத்தான் இந்தியா வெளிநாடு போக முடியும்.”

கஜபதி இந்த வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தான். திருமழிசைத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் எந்திரத்தில் வேலை பார்ப்பவன் அவன். அச்சு சரியாக இருந்தால் வாளி சரியாக வரும் என்பதே அவனுடைய அனுபவம். இந்த வாக்கியம் எந்த அச்சிலிருந்து வந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“பிரேசில் கீதா சார்?” என்று மட்டும் கேட்டான். “அது கொஞ்சம் கேள்விப்பட்ட பேரா கீது.”

“பிரேசில் நம்ம கவுன்சிலரோட தங்கச்சி பொண்ணுக்குப் போயிருச்சு. அர்ஜென்டினாவுக்கு அடிதடி, குலுக்கல் போட்டுக் கொடுத்தோம். நார்வே ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்து ஒரு ஜோடி. கியூபா இருக்கு, ஆனா எடுத்தீங்கன்னா சாயங்காலமே செங்கொடியத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க.” விரல் வரைபடத்தில் கீழிறங்கி நின்றது. “பராகுவே காலியா இருக்கு. நல்ல நாடு. கடலே கிடையாது, புயல் பயம் இல்லை.”

“தண்ணி நிக்குமா சார்?” என்றான் கஜபதி. மழைக்காலத்தில் ஏரி வீட்டுக்குள் வந்துவிடும் அயனம்பாக்கத்துக்காரன் வேறெதைக் கேட்பான்?

தாட்சாயிணி அவன் கையைக் கிள்ளினாள். “யோவ், ஊடு பாக்கவா வந்துகீறோம்? சார், நாங்க மொத வந்தா இன்னா ஆவும்? அத்த சொல்லுங்க.”

“வந்தா ‘தாயகம் திரும்பும் மனு’ன்னு ஒண்ணு குடுக்கணும். உங்களை இந்தியாவுக்கு மாத்தி, உலக இறுதிக்கு அனுப்பிருவோம். விதியிலயே இருக்கு.” கோவிந்தராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சில பேரு இதை ஊழல்னு பேசுறாங்கம்மா. ஊழல்னா என்ன? ஒருத்தர்கிட்ட இருந்து பிடுங்குறது. நாங்க யார்கிட்டயாவது எதையாவது பிடுங்கினோமா? உங்களுக்கு ஒரு நாட்டையே சும்மா குடுக்குறோம்!”

தாட்சாயிணி கையெழுத்திட்டாள். வேறு வழி அவளுக்கு இருக்கவில்லை. இப்பிரிவில் ஆடுவோர்க்கு வயது வரம்பு முப்பது. வருகிற தையில் அவளுக்கு முப்பது முடிகிறது. இந்த முறை போகாவிட்டால் அவளுக்கு எந்த முறையும் இல்லை.

*

எல்லாம் தொடங்கியது சில ஆண்டுகளுக்கு முன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தாட்சாயிணி வேலை செய்யும் ஆயத்த ஆடை நிறுவனத்தில் தையல் எந்திரத்தின் முன் குனிந்து குனிந்து பெண்களுக்கு முதுகுவலி வந்தது. அதற்கு மருந்தாக நிறுவனம் ஜும்பா என்ற நடன உடற்பயிற்சி வகுப்பை ஏற்பாடு செய்தது. வகுப்பெடுக்க வந்த நிஷா என்ற பெண், ஒருநாள் எல்லோரும் களைத்து அமர்ந்த பிறகு தனக்காகவே சிறிது நேரம் ரும்பா என்ற இலத்தீன் நடனத்தை ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் அது பிடித்துக்கொண்டது. முதுகுவலி உற்பத்தியைக் குறைத்ததைவிட ஜும்பா அதிகமாகக் குறைத்தது என்று கண்டறிந்த நிறுவனம் வகுப்பை நிறுத்தியது. தாட்சாயிணி நிறுத்தவில்லை. நிஷாவைத் தேடிப் போய்க் கற்றாள். கணவனையும் இழுத்துப் போனாள்.

ஏரிக்கரையில் விடியலில் பயிற்சி நடந்தது. நடைப்பயிற்சிக்கு வருவோர் முதல் வாரம் நின்று பார்த்தார்கள். இரண்டாம் வாரம் கருத்துச் சொன்னார்கள்.

“இன்னா மாமே, பாம்பு கீம்பு மிதிச்சிட்டியா?”

“ஆம்பள போட்டுகீற செருப்பாடா அது? குதிகால் இம்மா ஒசரம் கீது!”

“சம்சாரம் கைய வுட்டா ஓடிப்பூடுவாளா? இந்தப் பிடி பிடிக்கிறான்!”

கஜபதி வெட்கத்தால் தலை குனிவான். தாட்சாயிணி அவன் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்துவாள். “மண்ணுல இன்னா கீது? என்னப் பாரு.”

ரும்பாவில் ஒரு நுட்பம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் ஓடும். ஒன்றில் மட்டும் கால் எடுத்து வைக்கக் கூடாது. உடல் அந்தக் கணத்தில் நின்ற இடத்திலேயே தன் எடையை ஒரு காலில் முழுமையாக இறக்கி, இடுப்பால் அந்த ஒன்றை நிறைக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் அங்கேதான் கால் வைத்துவிடுவார்கள். கஜபதி பல மாதம் அங்கே கால் வைத்தான். பிறகு ஒருநாள் வைக்கவில்லை. அன்று அவள் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவன் பயந்துபோனான்.

உலக இறுதியில் ஆட வேண்டும் என்று அவள் விரும்பியது இந்த ஒன்றுக்காகத்தான். அது என்னவென்று தெரிந்தவர்கள் நிறைந்த ஓர் அரங்கில், தன் பெயரும் தன் ஊரும் சொல்லி அழைக்கப்பட்டு, ஒரே ஒரு முறை.

*

போட்டிக்கு முந்தைய வாரம் ‘வெளிநாட்டவர் ஒழுங்குப் பயிலரங்கம்’ நடைபெற்றது. நடனம் பற்றி அதில் ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. வெளிநாட்டவர் வடையைக் கண்டால் வியக்க வேண்டும். குத்துவிளக்கை ஏற்றும்போது மெழுகுவத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று தடுமாற வேண்டும். காரம் பட்டால் கண்ணீர் விட வேண்டும், சிரிக்கவும் வேண்டும். பொன்னாடை போர்த்தினால் அதை விரித்துப் பார்த்து, “ஓ!” என்று கூற வேண்டும். நார்வே இதை மிக நன்றாகச் செய்தது. அர்ஜென்டினாவின் “ஓ” ஆவடி பேருந்து நிலையத்தில் யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்ததால் அதற்குத் தனிப்பயிற்சி தரப்பட்டது.

கோவிந்தராஜ் பராகுவேயை ஏற இறங்கப் பார்த்தார். “நிறத்தைக் கொஞ்சம் தூக்கணும். கழுத்து வரைக்கும் பவுடர் அடிச்சிருங்க.”

“பராகுவேக்காரங்க இன்னா கலருன்னு நீங்க பாத்துகீறீங்களா சார்?” என்றாள் தாட்சாயிணி.

“பாக்கலை. ஆனா நம்ம கலர்ல இருக்க மாட்டாங்கன்னு தெரியும். நம்ம கலர்லயே இருந்தா அப்புறம் அது எப்படிம்மா வெளிநாடு?”

அடுத்த விதி, மேடையில் எவரும் தமிழ் பேசலாகாது என்பது. வெளிநாட்டவர்க்கென ‘இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்’ என்று ஓர் இளைஞன் நியமிக்கப்பட்டிருந்தான். கொரட்டூர் அஸ்வின். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். “சார், பராகுவேல இலத்தீன் பேச மாட்டாங்க, ஸ்பானிஷும் குவரானியும்தான்” என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “ஆடுறது இலத்தீன், பேசுறது மட்டும் வேறயா? படிச்சவன் மாதிரிப் பேசுப்பா” என்று கோவிந்தராஜ் அவனை அடக்கினார்.

“தமிழ் பேசக் கூடாதுன்னா இன்னாதான் சார் பேசுறது? எங்களுக்கு வேற இன்னா தெரியும்?” என்றான் கஜபதி.

கோவிந்தராஜ் சிரித்தார். அவன் தோளில் ஆதரவாகத் தட்டினார். “இப்ப பேசுறீங்களே, இதே போதும். இதை எவன் தமிழ்னு சொல்லுவான்?”

அறையில் இருந்த எல்லா நாடுகளும் சிரித்தன. தாட்சாயிணி சிரிக்கவில்லை. அஸ்வினும் சிரிக்கவில்லை, ஆனால் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

திருவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபம் சர்வதேச அரங்கமாக அறிவிக்கப்பட்டது. மணமேடையின் ஜிகினா வளைவைக் கழற்ற நேரமில்லாததால் பேரவைத் தலைவர் சிவராமன் அதன் கீழேயே, மாப்பிள்ளை நாற்காலியில் வீற்றிருந்தார். விளக்கேற்றம், தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை எனக் காலை கழிந்தது. பொன்னாடைகள் ஒரு தோளிலிருந்து இறங்கி மடிக்கப்பட்டு மறுதோளுக்கு ஏறின. ஆடுவதற்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் பாதி இவ்வாறு தோள்களில் செலவாயிற்று.

சிவராமன் உரையாற்றினார்.

“இலத்தீன் நடனங்கள் ஐந்து. ஐந்துமே நம்முடையவை! சம்பா என்கிறார்களே, அது எது? நம் வயலில் விளைந்த சம்பா! கப்பலேறிப் போனது. நாம் அதைச் சாப்பிட்டோம், அவர்கள் அதை ஆடினார்கள். ரும்பா என்பது அரும்பு. கடல் கடக்கும்போது அகரம் தவறி விழுந்துவிட்டது. ஜைவ் என்பது சைவம். பாசோ டோப்ளே? பிரித்துப் பாருங்கள். பாசம், தோப்பிலே! சா சா சா என்பதைச் சிலர் அமங்கலமாகக் கருதுகிறார்கள். அது சால்பு, சால்பு, சால்பு! உலகெங்கும் ஆடப்படுவது நம் நடனம். பேசப்படுவது நம் மொழி. எவன் வாயைத் திறந்தாலும் வருவது தமிழ்!”

மண்டபம் அதிரக் கைதட்டியது.

அடுத்து நாடுகளின் அணிவகுப்பு. கழுத்துவரை பவுடரும் தலையில் பெரிய வைக்கோல் தொப்பியுமாகப் பராகுவே நடந்து வந்தபோது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“டேய் கஜா! இன்னாடா அது தலையில, மொறத்தக் கவுத்தா மாரி?”

கஜபதியின் தாய் பொன்னியம்மா. ஒரு காலத்தில் நாற்று நட்டவள். அவள் நட்ட வயலின் மேல் எழும்பிய அடுக்கு மாடிக் குடியிருப்பில் இப்போது படிக்கட்டு துடைக்கிறாள். மகன் ஆடுவதைப் பார்க்க விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கஜபதி பயிலரங்க விதிப்படி அவளைக் காணாதவன்போல் நடந்தான்.

“பாரு, பாக்காத பூடுறான்! டேய், பெத்தவளே கண்ணுக்குத் தெர்ல?”

ஒலிபெருக்கியில் கோவிந்தராஜ் நெகிழ்ந்தார். “ஏழு கடல் தாண்டி வந்த பராகுவே வீரரைப் பெற்ற பிள்ளையைப் போல அழைக்கிறார் ஒரு தமிழ்த்தாய்! இதுவல்லவா நம் விருந்தோம்பல்!”

மீண்டும் கைதட்டல். தன்னைத்தான் புகழ்கிறார்கள் என்று புரிந்து பொன்னியம்மா உட்கார்ந்தாள். எதற்காக என்று புரியாமல் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை.

பின்னர், எப்படியோ, ஆட்டமும் நடந்தது.

நடுவர்களில் நடனம் தெரிந்தவர் ஒருவர் இருந்தது பேரவையின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. உலக அமைப்பு தன் சார்பில் ஒருவரை அனுப்பும் என்ற விதியைச் செயலாளர் படித்திருக்கவில்லை. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த அந்த அம்மையார் பொன்னாடையை வாங்க மறுத்துவிட்டு, ஒரு மூலையில் எவரோடும் பேசாமல் அமர்ந்திருந்தார். ரும்பா தொடங்கியது. ஒரே தரையில் எல்லா நாடுகளும் சுழன்றன. பிரேசில் நார்வேயை இடித்தது. இந்தியா தன் தந்தை அமர்ந்திருந்த திசைக்கு மட்டும் புன்னகை செய்தது. ஒன்று வந்தது. எல்லா நாடுகளும் கால் வைத்தன. பராகுவே வைக்கவில்லை. தாட்சாயிணியின் உடல் நின்ற இடத்தில் இறங்கி, அமர்ந்து, அந்தக் கணத்தை முழுவதுமாக உண்டுவிட்டு எழுந்தது. கஜபதியின் கை அவள் முதுகில் எடையற்றிருந்தது. தொப்பி எங்கோ விழுந்துவிட்டது; பவுடர் வியர்வையில் கரைந்து வழிந்து, இரண்டு பேருடைய சொந்தத் தோலும் வெளிச்சத்துக்கு வந்தது. மூலையில் அமர்ந்திருந்த அம்மையார் எழுந்து நின்றுகொண்டார்.

மூன்றாம் வரிசையில் பொன்னியம்மா வாயை மூடிக்கொண்டாள். மகனும் மருமகளும் எதைச் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதை அவர்கள் சரியாகச் செய்கிறார்கள் என்பது தெரிந்தது.

முடிவு அறிவிக்கப்பட்டது. முதலிடம் பராகுவே. இந்தியா ஏழாமிடம். இந்திய இணைகளில் முதலாவதாக வந்தமையால் பரத்தும் சிம்ரனும் உலக இறுதிக்குத் தேர்வு பெற்றனர் என்று கோவிந்தராஜ் அதே மூச்சில் அறிவித்தார். இந்திய இணை அது ஒன்றுதான் என்பதை அவர் குறிப்பிடவில்லை. இதற்குள் அந்த அம்மையார் விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று அழைத்துச் செல்லப்பட்டிருந்தார்.

தாட்சாயிணி மணமேடைக்குப் பின்புறம் கோவிந்தராஜை மடக்கினாள். “சார், அந்த மனு. தாயகம் திரும்புற மனு. குடுங்க, கையெழுத்துப் போடணும்.”

“தாராளமா. பராகுவே நடனப் பேரவையோட தடையில்லாச் சான்று கொண்டுவந்துருக்கீங்களா? அங்க குடியிருந்ததுக்கு அத்தாட்சி?”

“நாங்க அங்க போனதே இல்லியே சார்!” என்றான் கஜபதி.

கோவிந்தராஜ் அவனை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். “போகாத இடத்துல இருந்து எப்படிப்பா திரும்ப முடியும்?”

அதற்கு உலகில் எவரிடமும் விடை இருந்திருக்காது. அத்தனை கட்டுக்கோப்பான கேள்வி அது.

“வுடு தாட்சா. ஊட்டுக்குப் போலாம். இவனுங்க கையில பேசி மாளாது,” என்றான்.

“நீ வுடு. என்னால முடியாது. தையோட எனுக்கு முடிஞ்சுதுய்யா!”

*

கோப்பை வாங்க அவளை மேடைக்கு அழைத்தார்கள். கோப்பையைக் கஜபதியின் கையில் திணித்துவிட்டு அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

“இன்னாய்யா நெனச்சிகினு கீறீங்க? நான் பராகுவேவும் இல்ல, பாகற்காயும் இல்ல. அயனம்பாக்கம்! ஏரிக்கரத் தெரு! தோ குந்திகீதே, எங்க மாமியாரு. மொத வந்தது நாங்க. போறது ஏழாவதா வந்தவனா? டபாய்க்கிறீங்களா? ஏமாந்தவ கெடச்சா எத்த வோணா செய்வீங்களா?”

மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஷேர் ஆட்டோவிலும் ரேஷன் கடையிலும் தத்தம் வீட்டு அடுக்களையிலும் அவர்கள் பேசும் பேச்சு அது. கோவிந்தராஜ் அஸ்வினின் விலாவில் இடித்தார்.

அஸ்வின் ஒலிவாங்கியின் முன் வந்தான்.

“பராகுவே வீராங்கனை கூறுவதாவது... தமிழ் மண்ணின் விருந்தோம்பலில் நெகிழ்ந்துபோனேன். இங்குள்ள ஏரிகள் அழகானவை. மாமியார்களைத் தெய்வமாக மதிக்கும் பண்பாடு என்னைக் கவர்ந்தது.”

மண்டபம் ஒரு கணம் தயங்கியது. பிறகு கைதட்டியது. மேடையிலிருந்து கூறப்படுவதற்குக் கைதட்டுவது அதன் பழக்கம். சிவராமன் கண்களை மூடித் தலையசைத்தார். “இலத்தீன் மொழிக்குத்தான் எத்தனை இனிமை! பொருள் தெரியாவிட்டாலும் செவியில் தேன் பாய்கிறது.”

தாட்சாயிணி மூச்சை இழுத்து நிறுத்தினாள். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசித்தவள். எது தமிழென்று இவர்கள் கருதுகிறார்களோ அதிலேயே பேசுவதென்று முடிவு செய்தாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“ஐயா, அனைவருக்கும் வணக்கம். என் பெயர் தாட்சாயிணி. நான் தமிழ்நாட்டில், அயனம்பாக்கத்தில் பிறந்தவள். நான் பேசுவது தமிழ். நான் எந்த வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை.”

இம்முறை கைதட்டல் கூரையை முட்டியது. விசில் பறந்தது. சிவராமன் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“பார்த்தீர்களா! ஒரு வாரம்! ஒரே வாரத்தில் எங்கோ பிறந்த பெண் எவ்வளவு தூய தமிழ் பேசுகிறார்! ‘நான் தமிழ்நாட்டில் பிறந்தவள்’ என்கிறாரே, இதைவிட ஓர் அந்நியர் நம்மை எப்படிப் பெருமைப்படுத்த முடியும்? நம் ஊரிலேயே பிறந்து, இன்னா, கீது என்று மொழியைக் கொலை செய்கிற சனங்கள் இவரைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்! இந்தச் சகோதரிக்குப் பேரவையின் சார்பில் ‘கௌரவத் தமிழச்சி’ என்ற பட்டத்தை வழங்குகிறேன். ஓராண்டுக் காலம் செல்லும்!”

பொன்னாடை ஒன்று எங்கிருந்தோ பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது. அதை உதறித் தரையில் எறிந்தாள். குரல் உடைந்து, தூய தமிழும் உடைந்து, இரண்டும் கலந்து வந்தது.

“பட்டம் வேணாம்! ஏழாவதா வந்தவங்க ஏன் போறாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க!”

சிவராமனின் முகம் மாறியது. கண்ணீர் எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. “அம்மா, நீங்கள் எங்கள் விருந்தாளி. விருந்தாளிக்கும் எல்லை உண்டு. இந்தியாவின் சார்பில் யார் போவது என்பது இந்தியாவின் உள்விவகாரம். அதில் அந்நியர் தலையிடுவதை எந்த மானமுள்ள இந்தியனும் பொறுக்க மாட்டான்!”

கைதட்டினார்கள். திருவேற்காடும் ஆவடியும் கைதட்டின. ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்து கேலி பேசியவர்கள் கைதட்டினார்கள். அவளோடு அம்பத்தூரில் அடுத்த எந்திரத்தில் தைப்பவள் கைதட்டினாள். மானம் என்ற சொல் காதில் விழுந்ததும் கைகள் தாமாகவே சேர்ந்துகொண்டன. எவருடைய மானம் என்று எந்தக் கையும் கேட்கவில்லை.

மூன்றாம் வரிசையில் பொன்னியம்மா எழுந்து நின்றாள். “இன்னாத்துக்குடா தட்றீங்க? எம்மருமவ எந்த நாடா இருந்தா உங்களுக்கு இன்னா? மொத வந்தவ குந்திகினு கீறா, ஏழாவதா வந்தவன் பெட்டியக் கட்றான். இது எந்த ஊரு நாயம்டா?”

“அந்தத் தமிழ்த்தாய் என்னவோ கேட்கிறாரே?” என்றார் சிவராமன்.

எல்லோரும் அஸ்வினைப் பார்த்தார்கள். அவன் பொன்னியம்மாவைப் பார்த்தான்.

“சாப்பாடு எப்போது என்று கேட்கிறார்,” என்றான் மெதுவாக.

“கேட்க வேண்டிய கேள்வி!” என்றார் கோவிந்தராஜ். மண்டபம் ஒரே மனதாக எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தது.

*

வெளிநாட்டவர் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் கரண்டி வைத்திருந்தார்கள். தாட்சாயிணி அங்கே அமரவில்லை. பந்திகளுக்கு நடுவே நேராக நடந்து, முதல் வரிசையில் உண்டுகொண்டிருந்த சிவராமனின் இலைக்கு எதிரே போய் நின்றாள். கஜபதி கோப்பையை ஒரு நாற்காலியின் கீழ் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“ஏழாவதா வந்தவன் ஏன் போறான்?” என்றாள்.

சிவராமன் நிமிராமல் சாம்பாரைப் பிசைந்தார். “அஸ்வின், இந்த அம்மா என்ன கேக்குறாங்க?”

இரண்டு இலை தள்ளி அமர்ந்திருந்த அஸ்வின் கையை இலையில் உதறினான். எழுந்தான்.

“எனுக்கு இலத்தீன்லாம் தெரியாது சார். அவங்க தமிழ்லதான் கேக்குறாங்க. காலையிலேர்ந்து தமிழ்லதான் கேட்டுகினு கீறாங்க. ஒங்களுக்கும் புரியும்.”

கூடத்தில் பேச்சு நின்றது. அப்பளம் நொறுங்கும் ஓசைகூட இல்லை. சிவராமன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி அந்த இளைஞனைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை, ஒரு நிர்வாகச் சிக்கலை அணுகும் நிதானமே தெரிந்தது.

“கோவிந்தராஜ், வேற எந்த நாடு பாக்கி இருக்கு? இந்தப் பையனைச் சேர்த்துரலாம்.”

“பாத்துச் சொல்றேங்க.”

ரசம் வாளியோடு வந்த பரிமாறுபவர் தாட்சாயிணியைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றார். அவருக்குப் பின்னால் பொரியல் நின்றது. அதற்கும் பின்னால் சோறு நின்றது. வரிசையின் கடைசியில் காலி இலைகள் காத்திருந்தன. யாரோ, “ஏம்மா, கொஞ்சம் தள்ளிக்க, ரசம் வரணும்,” என்றார்கள்.

“அவரு சொல்லட்டும். தள்ளிக்கிறேன்.”

பொன்னியம்மா வந்தாள். ஒன்றும் பேசாமல் மருமகளுக்கு மறுபக்கம் நின்றுகொண்டாள். இப்போது இரண்டு பந்திகளுக்கு இடையே எறும்பு போகவும் இடமில்லை. அஸ்வினும் போய் நின்றான்.

“ஏழாவதா வந்தவன் ஏன் போறான்?”

சிவராமன் கோவிந்தராஜைப் பார்த்தார். கோவிந்தராஜ் ரசவாளியைப் பார்த்தார். இன்னொரு மேசையில் சிம்ரன் மட்டும் உண்பதை நிறுத்தியிருந்தாள். பரத் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. தாட்சாயிணியின் பவுடர் கரைந்த கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடத்தைவிட்டு ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. சிவராமனின் வலக்கையில் பிசைந்த சாம்பார் சோறு, விரல்களோடு ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.